வலது சக்கரத்துப் பின்

சிறு இடுக்கியின் நுனியில் ஒரு செம்புக் கம்பித் துண்டு. அரிசிமணி நீளம்கூட இல்லை.

அதன் தலையில் சிவப்பு நூல் கட்ட வேண்டும்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். முடிச்சு விழுந்தது.

எதிரே அவள் கணவர், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தால் நடுங்கும். இரண்டு வருடமாக இப்படித்தான். மேசைமேல் நின்ற முழ நீள மாதிரிப் போர் விமானத்தில், இறக்கை வரைக்கும் அவர் கைவேலை. சக்கரங்கள் மட்டும் அவள் தலையில் வந்து விடிந்தன.

ஆறு வாரம்.

குழம்பில் உப்புக் கூடினால்கூட வாய் திறக்காத மனிதர், சக்கரத்தில் மயிரிழை பிசகினால் விடவில்லை. டயரின் அடியை உப்புத்தாளில் தேய்க்கச் சொன்னார். விமானத்தின் பாரம் அதில் தெரிய வேண்டுமாம். பழைய இயர்போனைப் பிரித்து, உள்ளிருந்த கம்பியை எண்ணெய்க் குழாய் ஆக்கினாள். சக்கரத்தைத் தாங்கும் காலின் பளபளப்புக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள். பிறகு அதன்மேலேயே கறுப்பு மையைக் கரைத்து அழுக்காக்கச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அழுக்கைத் துடைத்தவளுக்கு அதற்கு மட்டும் மனசே வரவில்லை.

கடைசியில் இந்தப் பின்கள். சக்கரத்துக்கு ஒன்று. தரையில் நிற்கும்போது கால் மடங்காமல் பிடித்துக்கொள்ளும்.

"ஒட்டீராத. உருவுனா வரோணும்."

ஏன் என்று சொல்லவில்லை. பழைய கதை அவளுக்குத் தெரியும்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு அவர் விமானப்படையில் இருந்தார். விமானம் கிளம்புமுன் மூன்று பின்களையும் உருவி, உயர்த்திக் காட்டுவது அவர் வேலை. உள்ளிருந்து விமானி எண்ணுவார். மூன்று என்றால் கட்டைவிரலைக் காட்டுவார். குறைந்தால், கழுத்துக்குக் குறுக்கே கையை இழுப்பார். எஞ்சினை நிறுத்து என்று அர்த்தம்.

அன்று அவர் மூன்று காட்டினார்.

அதில் ஒன்று, முந்தைய விமானத்தில் உருவிச் சட்டைப்பையில் போட்டிருந்தது.

விமானி தேவசகாயம் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் பறந்தார். விமானத்தின் வலது கால் மடங்கவில்லை; பின் அதிலேயே இருந்தது. எரிபொருள் குறையும்வரை நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு இறங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவருக்குத்தான் ஆனது. தண்டனை முடிந்த பிறகும் அந்த மனிதர் முகத்தில் விழிக்கத் துணிவு வரவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவரே வருகிறார். ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையம் போகிற வழியில். பத்தே நிமிடம் என்று போனில் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை விமானத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்தபோது வலது பின் விழுந்தது. செருகினாள். மறுபடி விழுந்தது. வருகிறவர் எதிரில் விழுந்து மானத்தை வாங்க வேண்டாமென்று, ஊசிமுனை அளவு பசை வைத்துவிட்டாள். கணவரிடம் சொல்லவில்லை.

தேவசகாயம் வந்தார். நன்றாக நரைத்திருந்தார். வாசலில் வாடகைக் கார் உறுமிக்கொண்டே நின்றது.

விமானத்தின் வாலில், அன்று அவர் ஓட்டிய விமானத்தின் எண். அதைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்தார்.

கணவர் இடுக்கியை எடுத்தார்.

அவள் இதை எதிர்பார்க்கவே இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு யாராவது இதைச் செய்வார்களா?

முன்சக்கரத்துப் பின் வந்தது. வெகு நேரம் ஆனது.

இடது வந்தது. இன்னும் நேரம் ஆனது. யாரும் உதவப் போகவில்லை.

வலது வரவில்லை.

அவள் வைத்த பசை பிடித்திருந்தது. கூடுதலாகச் செய்த இரண்டு பின்கள் ஒரு தீப்பெட்டியில் இருந்தன. பிஸ்கட் தட்டை நகர்த்துகிற சாக்கில், பெட்டியைத் திறந்து அவர் கையருகே தள்ளினாள்.

அவர் பார்த்தார். சிவப்பு நூலோடு, அச்சு அசலாக அதே பின்.

பெட்டியை மூடினார்.

உள்ளங்கையை உயர்த்தினார். நூல்கள் நடுங்கின.

"ரெண்டுதானுங்க சார். ஒண்ணு உள்ளயே இருக்குதுங்க."

தேவசகாயம் எண்ணினார். இரண்டை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஆனது.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். கார் ஓட்டுநரைப் பார்த்து, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தார்.

உறுமல் நின்றது.

அவள் உள்ளே போய் இன்னும் ஒரு டம்ளர் அரிசி களைந்தாள்.