மேடையில் இரண்டு தையல் மெஷின்கள்

பாலக்கோட்டுக் கல்யாணச் சத்திரத்தின் மேடையில் இரண்டு புதுத் தையல் மெஷின்கள் இருந்தன.

ஒன்று இசபெல்லாவுக்கு. இன்னொன்று, அவளுடைய பழைய மெஷினைத் திருடி விற்றுக் குடித்த கஸ்பாருக்கு.

சர்க்கார் காரியம் அப்படி. திருட்டுக் கொடுத்துப் பிழைக்க வழியில்லாமல் நின்றவளுக்கு ஒரு இலாகா உதவியது. ஜெயிலில் ஒழுங்காகத் தையல் கற்று வெளியே வந்தவனுக்கு வேறொரு இலாகா உதவியது. பந்தல் செலவு மிச்சமாகட்டுமென்று விழாவை மட்டும் ஒன்றாக வைத்துவிட்டார்கள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் நல அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. மனிதர் ஊருக்குப் புதியவர். ஒரே பெஞ்சில் இருந்த இருவருக்கும் நடுவில் அவசரமாக ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்தார்.

இசபெல்லா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் அவன் பெயரைச் சொல்லிப் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். அதன் பிறகு இன்றுதான் அவனைப் பார்க்கிறாள்.

கஸ்பாரை ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னார்கள்.

இப்போது இசபெல்லா திரும்பினாள். அவன் விரல்களை மட்டும் பார்த்தாள். சாராயக்கடை திறந்த நாளிலிருந்து ஒரு தீக்குச்சியைக்கூட உரச முடியாமல் நடுங்கிய விரல்கள். இன்றும் நடுங்கினால் என்ன செய்வதென்று பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

முதல் தடவை நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

இசபெல்லா மூச்சை அடக்கினாள்.

கஸ்பார் நூல் நுனியை எச்சிலில் நனைத்து, முறுக்கி, மறுபடி நீட்டினான். விரல் அசையவில்லை. நூல் ஊசிக்காதுக்குள் புகுந்துவிட்டது.

கூட்டம் கை தட்டியது. இசபெல்லாவும் தட்டினாள், எல்லோரும் நிறுத்திய பிறகும். போலீஸ்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விழா முடிந்ததும் அதிகாரி அவளிடம் ஓடி வந்தார். "பயப்படாம போங்கம்மா. உங்க பஸ் கெளம்பினப்புறந்தான் அந்த ஆளை வெளியே விடுவேன்."

இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை.

"ஐயோ, அவர இப்பவே வுட்ருங்க சார். ரெண்டு மெசினையும் வூட்டுக்குத் தூக்கியார எனக்கு வேற புருசனா இருக்காரு?"