மூன்றாவது விசில்

காஞ்சனா வீட்டுக் குக்கருக்குத் தலைகால் புரியாத பெருமை. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் அடுக்கி வைத்தால் ஒரே நேரத்தில் வேகவைத்துக் கொடுத்துவிடும்.

"என்னாலதான் அவளுக்கு அரைமணி நேரம் மிச்சம்" என்று பக்கத்திலிருந்த காபி டம்ளரிடம் பீற்றிக்கொண்டது.

"அந்த அரைமணியில அவ என்ன பண்றா, பார்த்தியா?" என்றது டம்ளர். "யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுறா, பாத்ரூமைக் கழுவுறா. நீ மிச்சம் பிடிக்கப் பிடிக்க, அவ புதுசா வேலையை இழுத்துப் போட்டுக்கிறா. நான்தான் தினமும் ஆடை கட்டி ஆறிப்போறேன்."

குக்கருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் இரண்டு விசில் அடித்ததோடு சரி. மூன்றாவதை அடிக்காமல், ஆவியை ஓரமாக மெல்லக் கசியவிட்டது. அடுப்பை அணைக்க வேண்டுமே என்று காஞ்சனா நகர முடியாமல் நின்றாள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காபியைச் சூடாக ஊதி ஊதிக் குடித்தாள்.

"குக்கர்ல ஆவி போகுதே! சாயங்காலம் புது கேஸ்கட் வாங்கிட்டு வரவா?" என்று கேட்டபடி எட்டிப் பார்த்தான் புருஷன்.

காஞ்சனா கடைசி மடக்கை விழுங்கினாள்.

"ஒண்ணும் அவசரமில்லங்க. மெதுவா வாங்கிக்கலாம்."