ஏரிக்கு வந்த குடும்பம்

பனிநாட்டிலிருந்து ஒரு வாத்தும் அதன் குஞ்சும் ஏரிக்கு வந்து இறங்கின. புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது கொக்கின் பொறுப்பு. அது தினமும் கெண்டை மீன் கொண்டுபோய் வைத்தது. தாய் வாத்து தொடவே இல்லை. குஞ்சு துவண்டு போனது.

"திமிரு பிடிச்ச தாய். குஞ்சைப் பிரிச்சு நாமளே வளர்ப்போம்," என்றது நாரை.

கொக்குக்கு மனசு கேட்கவில்லை. தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"அக்கா, உங்க ஊர்ல பிள்ளைக்கு என்ன குடுப்பீங்க?"

தாய்க்குக் கண் கலங்கியது. "புல்லுதான் தம்பி. இது யாரு கரையோ, மேயலாமா கூடாதான்னு தெரியல. கேட்கவும் பயமா இருந்துச்சு."

கொக்கு இருவரையும் அறுகம்புல் கரைக்குக் கூட்டிப்போனது. குஞ்சு அவக் அவக்கென்று தின்றது.

தாய் நல்ல கொழுந்தாகப் பறித்து நீட்டியது. "நீயும் ஒரு வாய் சாப்பிடு, தம்பி."

புல்லையே தின்றறியாத கொக்கு, அலகைத் திறந்து வாங்கிக்கொண்டது.