சாணி வைத்த முனை

ராம்பிரசாத் முதலாளி முருங்கைப் போத்தை வாங்கி, மேடையில் வீரவாள் பரிசு பெற்றவரைப் போல இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார்.

நடுவதற்கென்று வெட்டிய கிளை. மூன்று முழம் இருக்கும். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒரு முனையில் மட்டும் பசுஞ்சாணி உருட்டி அப்பியிருந்தது.

பின்னால் பேனர். ‘வீட்டுக்கு ஒரு கிளை – நாற்பதாவது வீடு.’ அதில் முதலாளியின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. முருங்கை இலை அவர் காதோரம் ஒரு கம்மல் அளவுக்கு இருந்தது.

கிளையை அவர் கொண்டுவருவதில்லை. அந்தந்த வீட்டுக்காரர்களே வெட்டி வைத்திருக்க வேண்டும். குழியும் அவர்களே தோண்ட வேண்டும். முதலாளி கொண்டுவருவது கைராசி.

கூட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்திருந்தார். போடிமெட்டுக்கு மேலே அவருடைய ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களை, ஜீப்போடு இந்தச் சிலமலையில் நிறுத்தி இறக்கிவிட்டிருந்தார்.

இந்த வீட்டுக்காரி சந்திரவல்லி, போடியில் அவருடைய ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். பதினாறு வருசம். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டு ராக்கு அந்தப் போத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடிக் காற்றில் சந்திரவல்லி வீட்டு முருங்கை வேரோடு சாய்ந்துவிட்டது. சாதாரண மரமில்லை. ஒரு காய் போட்டால் தெருவுக்கே குழம்பு மணக்கும். பாதிக் கிளை ராக்கு வீட்டுப் பக்கம்தான் காய்த்தது. வெட்டி நிழலில் சாத்தி வைத்த மூன்று போத்தில் இரண்டை வெள்ளாடு பட்டை உரித்துத் தின்றுவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். மரம் மறுபடியும் வேண்டுமென்றால் இது பிழைக்க வேண்டும்.

முதலாளி கை பட்டுப் பிழைத்த போத்து இதுவரை ஒன்றுகூட இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். வெட்டுவாய் காய்ந்துவிடாமலிருக்கப் போத்தின் தலையில்தான் சாணி வைப்பார்கள். சாணி இல்லாத அடிமுனையை மண்ணில் இறக்குவார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. முதலாளி இணையத்தில் மூன்று மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர் என்பதால் அவருக்குத் தெரியாது.

“சாணம்கிறது என்ன? உரம். உரம் எங்க போகணும்? வேருக்கு!” கேள்வியும் அவரே, பதிலும் அவரே. “இதுக்குப் பேருதாம்மா அறிவியல்.”

பிறந்ததிலிருந்து போத்து நட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் கைதட்டினார்கள்.

சாணி முனை குழிக்குள் இறங்கியது.

ராக்கு சந்திரவல்லியின் விலாவில் இடித்தாள். “மதினி, தலையக் கொண்டுபோய்ப் பொதைக்கிறாரு. வாயத் தொறந்து சொல்லு.”

“பிச்சைமணி அண்ணன் சொன்னாருல்ல. மறந்துட்டியா?”

ராக்கு மறக்கவில்லை. போன மாதம் பிச்சைமணி தன் வீட்டில், ‘முதலாளி, திருப்பிப் போடணும்’ என்று சொல்லிவிட்டார். மறுநாளே ஸ்டோரில் அவருக்கு மூட்டைக்குச் சீட்டு எழுதுகிற சோலி போய், மூட்டை தூக்குகிற சோலி வந்தது. போத்து காய்ந்ததும், தண்ணீர் ஊற்றத் துப்பில்லாத வீடு என்று கூட்டத்தில் பேரும் வாசிக்கப்பட்டது.

சந்திரவல்லி கைகட்டி நின்றாள். முகத்தில் பதற்றமே இல்லை. மகள் கல்யாணப் பந்தியை மேற்பார்க்கிறவளைப் போல ஒரு மிடுக்குக்கூட இருந்தது. ராக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு போடுகிறவன் என்பதற்காக இப்படியுமா ஒருத்தி பூரித்து நிற்பாள்?

முதலாளி மண்ணைத் தள்ளினார். மிதித்தார். படம் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு தடவை மிதித்தார்.

“என்ன வல்லி, நம்ம கைராசி எப்படி?”

“உங்க கை பட்டா நேராத்தான் நிக்கும் முதலாளி.”

“காய விட்டா நீதான் பொறுப்பு, பாத்துக்க.”

கார் போடி ரோட்டில் ஏறியது. பெண்கள் ‘த்சு’ கொட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்கள். பேனரைச் சுருட்டியவர்களும் போய்விட்டார்கள்.

ராக்கு சேலையை வரிந்து செருகிக்கொண்டு குழியருகே உட்கார்ந்தாள். “வா மதினி, வெரசாப் பிடுங்கித் திருப்பி நட்ருவோம். அடிப்பக்கத்த வானத்தப் பாக்க விட்டுட்டுப் போயிட்டாரே மனுசன்.”

சந்திரவல்லி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

கொல்லைப்புறம் போய் ஒரு கை பசுஞ்சாணியோடு திரும்பி வந்தாள். மேலே நீட்டிக்கொண்டிருந்த முனையில் அதைக் குல்லாய் போலக் கவிழ்த்து, கட்டைவிரலால் சுற்றிலும் வழித்துவிட்டாள்.

“அடிமுனைக்கு எதுக்கு மதினி சாணி?”

“இதுதாண்டி தல. காலையில நான் அடியிலதான் உருட்டி வச்சேன்.”

ராக்கு வாயைப் பிளந்தாள். சந்திரவல்லி தன் கையில் மிச்சமிருந்த சாணியைப் பார்த்தாள்.

“கீழ இருக்கது முதலாளிக்கு வச்சது,” என்றாள். “இதுதான் முருங்கைக்கு.”