குழாய்க்குள் ஒரு குளம்

பாட்டி இறந்த மறுவாரம், அவள் பாடம் நடத்தியும் ஆராய்ந்தும் ஆயுளைக் கழித்த கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அம்மாவும் நானும் நிற்கிறோம். அம்மா இங்கே காலெடுத்து வைப்பது இதுவே முதல் தடவை. ஜன்னல் வெயிலில் கண்ணாடிக் குழாய்கள் பச்சையாக ஒளிர்கின்றன. பாட்டியிடம் படித்த பேராசிரியை, ஒரு குழாயின் பஞ்சு மூடியைத் திறந்து ஒரு சொட்டுப் பாசியைப் புதிய நீருக்கு மாற்றுகிறார். மாற்றாவிட்டால் செத்துவிடுமாம். "டீச்சர் ஒரு குளத்துல எடுத்த பாசி இது. அப்புறம் அந்தக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிட்டாங்க. இதை எடுத்தப்போ நீங்க வயித்துல இருந்தீங்களாம்க்கா." "அப்போ இது எனக்கு அக்கா! அதான் எங்கம்மா என்னை விட்டுட்டு இதுங்ககிட்டயே கிடந்தா," என்கிறாள் அம்மா. சிரித்தபடிதான் சொல்கிறாள், குரல் மட்டும் உடைகிறது. பேராசிரியை பழைய குழாயில் மிஞ்சியதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைக்கிறார். "ஒரு தடவை பாருங்கக்கா." அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிகிறாள். "அடேயப்பா! நீந்துதுங்கடி... அத்தனையும் உசுரோட இருக்குடி!" கைகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருக்கின்றன. பேராசிரியை சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்திப் போடுகிறார். கண்ணை எடுக்காமலே அம்மா அதில் உட்கார்கிறாள். "நான் பாக்கட்டுமாம்மா?" என்கிறேன். "இருடி," என்கிறாள், "நான் இன்னும் பாத்து முடிக்கல."