மரத்தைப் பார்த்த மூலை ரூம்

"அந்த மூலை ரூம் எனக்குத்தான் வேணும். இல்லேன்னா கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் கெமிஸ்ட்ரி மேடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தின் புது அறிவியல், பொறியியல் கட்டடத்துக்கு எட்டு மாதமாகப் படம் வரைகிறேன். கூரை முழுக்க சோலார், மழைத் தண்ணீர்த் தொட்டி, ஏசி இல்லாமலே காற்று. ஐந்து துறைத்தலைவர்களும் இன்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இழுக்கும்.

கட்டடத்திலேயே அருமையான இடம் அதுதான். கீழ்த்தளம். ரெண்டு பக்கம் ஜன்னல். எதிரே பெரிய மரம்.

"மேடம், அங்கே மீட்டிங் ஹால் போட்டிருக்கேனே..."

"மாடிக்குத் தூக்குங்க. சீனியருக்குத்தானே முதல் சாய்ஸ்?"

அது கமிட்டி போட்ட விதி. ஐந்து பேரில் மேடம்தான் சீனியர்.

"உள்ளேயே குளியலறை. கால் நீட்டிப் படுக்க நீளமா ஒரு பெஞ்ச். பூட்டு போட்ட அலமாரி ஒன்பது."

"ஒன்பதா? வீட்டையே காலி பண்ணிட்டு வர்றீங்களா மேடம்?" பிசிக்ஸ் சார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். ஆனால், பேனாவைத் திறக்கவில்லை.

மணி நாலரை ஆகிவிட்டது.

"குடுத்துத் தொலைங்கப்பா. இந்தப் பிடிவாதத்தோட யாரு மல்லுக்கட்டுறது?" என்றார் பிசிக்ஸ் சார்.

கொடுத்தோம். ஐந்து கையெழுத்தும் விழுந்தது. அப்பாடா!

எல்லோரும் கிளம்பியதும் கேட்டேன். "கதவுல உங்க பேரு போட்டா போதுமா, பட்டமும் வேணுமா மேடம்?" குரலில் குத்தல் இருந்தது. மறைக்கவும் இல்லை.

"என் பேரு எதுக்கு? துப்புரவுப் பணியாளர் அறைன்னு போடுங்க."

"அவங்களுக்கா மேடம்?" என்றேன்.

"இவ்வளவு பெரிய கட்டடத்தை ஒன்பது பேர் பெருக்கித் துடைக்கப் போறாங்க. உங்க படத்துல துடைப்பம் வைக்க இடம் இருக்கு. அவங்க உட்கார இடம் இல்லையே தம்பி!"

படத்தைப் பார்த்தேன். நாலு தளத்திலும் தேடினேன். இல்லைதான். வெட்கமாகிவிட்டது.

"அப்போ உங்க ரூம் மேடம்?"

"லேபை ஒட்டி ஏதாவது ஒரு சந்து குடுங்க, போதும்."

"மன்னிச்சிடுங்க மேடம். உங்களைப் போய் தப்பா நினைச்சுட்டேன். ஆனா, அவங்களுக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போன கட்டடத்துக்கு அப்படித்தான் கேட்டேன். மாடிப்படிக்கு அடியில குடுத்தாங்க."