சீமாட்டிக்கு ஆபரேஷன்

"நீ மட்டும் அந்தப் பூனையை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரு, அன்னைக்கு இருக்கு உனக்கு!"

தங்கபாய் போட்ட சத்தம் ராஜபாளையத்தின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. மருமகள் கார்த்திகாவுக்கு முகம் உப்பிப் போயிற்று.

விஷயம் இதுதான். வீட்டுப் பூனை சீமாட்டி, ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது தடவையாகக் குட்டி போட்டிருந்தது. பேருக்கேற்ற பூனை. பெறுவதோடு அதன் வேலை முடிந்தது. மற்ற வேலையெல்லாம் வீட்டு மனுஷர்களுக்கு.

குட்டிகள் இருந்தால் வீடு கலகலவென்றுதான் இருக்கும். ஒன்று திரைச்சீலையில் தொங்கும். இன்னொன்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் வரும். பட்டாளத்தில் இருக்கும் புருஷன் பாண்டிச்செல்வத்துக்குக் கார்த்திகா அனுப்பும் வீடியோவெல்லாம் குட்டிகள்தான்.

அவை வளர்ந்த பிறகுதான் பாடு. நாய்க்குப் பேர்போன ஊரில் பூனைக்குட்டிக்கு வீடு பிடிப்பது லேசா? போன ஈத்தில் இரண்டைத் தெருநாய்கள் குதறிப் போட்டன. ஒன்று ஸ்கூல் வேனில் அடிபட்டது. எடுத்துப் புதைத்தது கார்த்திகா. அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் மாட்டாஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்தாள். "குட்டிங்க பால் மறந்ததும் கொண்டு வாங்கம்மா. கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம். தாய்ப் பூனைக்கும் அதுதான் நல்லது" என்றார் அவர். குட்டிகள் பால் மறந்த பிறகு, இந்தப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அதை அத்தையிடம் சொன்னதுக்குத்தான் இந்தச் சத்தம்.

"ஏட்டி, கல்யாணமாகி நாலு வருஷமாச்சு. இந்த வீட்டுல இன்னும் ஒரு தொட்டில் கட்டலை. இந்த நேரத்துல, ஒரு பெத்த வயித்துல கத்தி வைக்கப் போறேங்கியே? அந்தப் பாவம் சும்மா விடுமா?"

"அவிய வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுல வாராவ. இதுல பூனை என்னத்தை செய்யும் அத்தை?"

"எதிர்த்துப் பேசாத. நீ கொண்டு போகக் கூடாது. அம்புட்டுதான்."

கார்த்திகாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குட்டிகளுக்கு மீன்முள் எடுத்து ஊட்ட மட்டும் அத்தை முன்னால் வருவாள். சாகிறபோது குழி தோண்ட மருமகளா? செல்போனில் உலகத்தையே பார்க்கிற காலத்தில் இப்படியும் ஒரு மனுஷியா?

புதன்கிழமை விடிந்ததும் தங்கபாயே பேச்சைத் தொடங்கினாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் போயி ஆண்டாளைக் கும்பிட்டுட்டு வா. அப்படியே மம்சாபுரத்துல உங்க அம்மாவையும் பாரு. பொழுது சாய வந்தாப் போதும்."

அட, நம்மை ஊரைவிட்டே கிளப்புகிறாளே என்று புரிந்தது கார்த்திகாவுக்கு. வீம்புக்குக் கிளம்பினாள். கோயிலில் மனசு ஒட்டவில்லை. அம்மா வைத்த குழம்பும் ருசிக்கவில்லை. மத்தியான பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். குட்டிகள் இரண்டும் கத்திக்கொண்டு ஓடி வந்தன. சீமாட்டியைக் காணோம்.

பக்கத்து வீட்டுக் கல்பனா எட்டிப் பார்த்தாள்.

"உங்க அத்தை காலையிலயே பூனையைக் கட்டைப்பைக்குள்ள வச்சு ஆட்டோவுல ஏறிட்டாவ. எங்கேன்னு கேட்டேன், பதிலே இல்ல. கண்ணு காணாத இடத்துல விட்டுட்டு வரப் போறாவ போல."

கார்த்திகா போன் போட்டாள். அத்தை எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பூனையே இல்லையென்றால் ஆபரேஷனும் இல்லை. அத்தையின் கணக்கு அதுதானா? தாயைத் தொலைத்துவிட்டால் இந்தக் குட்டிகள் யாரைத் தேடும்? இந்தக் கல்நெஞ்சுக்காரியோடு இனி ஒரு நாளும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. துணியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தங்கபாய் இறங்கினாள். கட்டைப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அலுங்காமல் குலுங்காமல் நடந்து வந்தாள். பைக்குள் சீமாட்டி, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருந்தது. வயிற்றில் முடியை மழித்து, தையல் போட்டு, துணி சுற்றியிருந்தார்கள்.

"செத்த நேரம் குட்டிகளைக் கிட்ட விடாத. நல்லா முழிச்ச பொறவு தண்ணி வைக்கணுமாம்."

கார்த்திகா பைக்குள் குனிந்து தையலைப் பார்த்தாள்.

"அத்தை... நீங்க ஆபரேஷனுக்கா போனிய?"

"பின்ன? குட்டி செத்தன்னைக்கு நீ அழுத அழுகையை நான் பார்க்கலையா? இந்த ரெண்டும் பெருசானாலும் சொல்லு. நானே கொண்டு போறேன்."

"பாவம்னு சொன்னியளே. அந்த நம்பிக்கை இப்பப் போயிருச்சா?"

"அதெப்படிப் போகும்? டாக்டரு பூனையை உள்ள வாங்கிட்டுப் போகையில எனக்குக் கையும் காலும் ஓடலை. போனைக்கூட எடுக்க ஏலலை."

தங்கபாய் பையை மெல்லத் தரையில் இறக்கினாள். சீமாட்டியின் தலையைத் தடவிக்கொண்டே, மருமகளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"அதான் உன் கை படக் கூடாதுன்னேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்ட்டி. நான் பெத்து முடிச்சவதானே."